உணவு தேய்ந்ததா? பெரிபெரி நோயின் வரலாறு கூறும் விடை

'அந்தக் காலத்து உணவில் சத்து இருந்தது; இந்தக் காலத்து உணவில் என்ன இருக்கிறது?' என்னும் பேச்சைக் கேளாத தமிழர் வீடு ஜொகூரில் இராது. திருமண விருந்தில் இது பேசப்படும். பள்ளியில் பெற்றோர் கூடும்போதும் பேசப்படும். தொண்ணூறு வயதுவரை தளராது நடமாடிய பாட்டனாரும், நாற்பது வயதிலேயே நீரிழிவுக்கு மருந்து உண்ணும் பேரனும் இதற்குச் சான்றாக நிறுத்தப்படுவர். சான்று கண்முன் நிற்பதால், மேலும் ஆராய வேண்டுவதில்லை என்று பலரும் அமைந்துவிடுகின்றனர்.

ஆயினும், இக்கூற்று ஒரே கூற்றன்று. 'தானியத்தில் இருந்த சத்து குறைந்துவிட்டது' என்பது ஒன்று. 'தானியத்தைப் பக்குவப்படுத்தும் முறை அதன் சத்தைக் கெடுத்துவிட்டது' என்பது மற்றொன்று. 'மக்கள் தேர்ந்து உண்ணும் உணவு மாறிவிட்டது' என்பது மூன்றாவது. இம்மூன்றும் வேறு வேறானவை. ஒன்று மெய்யானால் மற்றவையும் மெய்யாகும் என்பதில்லை. எந்த உணவில், எந்தச் சத்து, எதனோடு ஒப்பிடும்போது, யாருக்குக் குறைந்தது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இவ்வாறு கேட்டு விடை கண்ட வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பல்லாயிரவரைக் கொன்ற பெரிபெரி நோயின் வரலாறே அது. அதில் தோட்டத் தமிழருக்கும் அவர்கள் உண்ட புழுங்கலரிசிக்கும் தனியிடம் உண்டு.

யாரை விட்டது, யாரைப் பிடித்தது?

பெரிபெரி என்பது முதலில் கால்களில் உணர்வையும் வலிமையையும் குறைத்து, நடையைத் தளர்த்தி, சிலருக்கு உடல் வீங்கச் செய்து, முடிவில் இதயத்தைத் தாக்கிக் கொல்லும் நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இது பெருகியிருந்தது. நோய்க்குக் காரணம் கிருமியா, ஈரமண்ணா, காற்றா என்று மருத்துவர் பலவாறு கருதினர்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் என்பார் ஒரு வேறுபாட்டைக் கண்டார். சீனத் தொழிலாளரே இந்நோய்க்கு மிகுதியாக ஆளாயினர். தம் வயலில் விளைந்த நெல்லை வீட்டிலேயே குத்தி உண்ட மலாய்க்காரரிடம் நோய் குறைவு. தமிழரிடமோ ஏறத்தாழ இல்லை எனலாம். மூவரும் சோறு உண்பவர். மூவரும் வாழ்ந்த நாடும் ஒன்று. வேறுபட்டது அரிசி மட்டுமே. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெண்மையாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி.

1907இல் பிராடன் தம் கருத்தை நூலாக வெளியிட்டார். வெள்ளையரிசி நாட்பட்டுக் கெடும்போது அதில் நஞ்சு தோன்றுகிறது என்பது அவர் தந்த விளக்கம். விளக்கம் பிழை, ஆனால், குற்றம் அரிசியிடத்து என்று அவர் சுட்டியது சரி.

இரு சோதனைகள்

இக்கருத்தை ஐயுற்றவருள் ஒருவர் பிளெட்சர் என்னும் மருத்துவர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905 இறுதியில் தொடங்கி 1906 முழுதும் அவர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றையெண் பெற்றோருக்குச் சயாம் வெள்ளையரிசியும் இரட்டையெண் பெற்றோருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் வழங்கினார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் பலரை நோய் பற்றியது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவரிடமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இப்பகுதியில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. ஐயத்தோடு தொடங்கியவரே அரிசியின் குற்றத்தை மெய்ப்பித்தார். தம் சம்மதத்தைச் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளரைக் கொண்டு நடந்த சோதனை இது. இன்று எந்த அறமன்றமும் இதற்கு இசைவு தராது. அப்பதினெண்மரின் சாவால் கிடைத்த அறிவு இது என்பதை மறத்தல் ஆகாது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலான் காட்டுப்பகுதியில் வேலை செய்த ஜாவாத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதிக்கு வெள்ளையரிசி, மறு பகுதிக்குப் புழுங்கலரிசி. வெள்ளையரிசி உண்டவரிடம் நோய் தோன்றியது. பின்னர் உணவை மாற்றினர். நோயும் உணவைத் தொடர்ந்து சென்றது. இடம் அன்று, மண் அன்று, தொற்று அன்று, அரிசியே காரணம் என்பது 1909இல் உலகறியச் செய்யப்பட்டது. மறு ஆண்டு மணிலாவில் கூடிய கீழை நாட்டு வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, வெண்மையாகத் தீட்டிய அரிசியையே முதன்மை உணவாக இடைவிடாது உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று தீர்மானித்தது.

அரிசியில் நஞ்சு இல்லை. இருக்கவேண்டிய ஒன்று இல்லாமையே நோய்க்குக் காரணம் என்பதும் தெளிவாயிற்று. பத்தேவியாவில் எய்க்மன் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி தந்து இதுபோன்ற நோயை முன்னரே கண்டிருந்தார். 1901இல் கிரைன்ஸ், அக்குறைபாட்டுக் கருத்தைச் சரியாக எடுத்துரைத்தார். 1912இல் பங்க் என்பார் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்னும் பெயரின் மூலவடிவைத் தந்தார். 1926இல் பத்தேவியாவிலேயே ஜான்சன், டோனத் ஆகியோர் அரிசித் தவிட்டிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ்; அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். 'தையமின்' எனப்படும் வைட்டமின் பி1 அதுவே.

எந்திரமா குற்றவாளி?

இதுவரை கூறியதைக் கேட்டவர், 'பார்த்தீர்களா, எந்திரம் வந்தது, சத்து போயிற்று' என்பர். அது பாதி உண்மையே.

நெல்மணியின் மேல் உமி, உமிக்குள் தவிடு, ஓரத்தில் முளை, நடுவில் மாப்பொருள். தையமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் உள்ளது. பச்சை நெல்லை ஆலையில் வெண்மையாகத் தீட்டும்போது இரண்டும் நீங்குகின்றன. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தினால், நீரில் கரையும் தையமினில் ஒரு பகுதி மணியின் உட்புறத்தே செல்கிறது. அவித்த மாப்பொருள் இறுகுவதால் அது அங்கேயே தங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

இந்திய உணவுச் சத்து அட்டவணை தரும் அளவுகள் இதனைத் தெளிவாகக் காட்டும். 100 கிராம் அரிசியில் தையமின் இருக்கும் அளவு இது: கைக்குத்தல் புழுங்கலரிசியில் 0.27 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21, கைக்குத்தல் பச்சரிசியில் 0.21; ஆலைப் பச்சரிசியில் 0.06. ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியும் உரலில் குத்திய பச்சரிசியும் சம நிலையில் நிற்பதைக் காண்க. வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். நாளைக்கு 500 கிராம் அரிசியை மட்டுமே நம்பி வாழும் தொழிலாளிக்கு ஆலைப் பச்சரிசி 0.3 மில்லிகிராமும், ஆலைப் புழுங்கலரிசி 1.05 மில்லிகிராமும் தரும். களைந்து வடிப்பதில் போவது வேறு. ஒருவன் வாழ்வதற்கும் சாவதற்கும் இடையே இருந்தது இவ்வளவு சிறிய பொருளே.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த புழுங்கலரிசி பாட்டியின் உரலில் குத்தியது அன்று. பெரும்பகுதி கொதிகலன் கொண்டு அவித்து, ஆலையில் தீட்டி, மூட்டை கட்டிக் கப்பலேற்றிய வணிகச் சரக்கு. தமிழரைக் காத்தது எந்திரம் இல்லாமை அன்று. எந்திரத்துக்கு முன் நெல் கண்ட கொதிநீரே. பழமை, புதுமை என்னும் இரு சொற்களால் இதனை விளக்க இயலாது.

சென்னை மாகாணத்திலும் இதுவே நிலை. பெரிபெரி அங்கே வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில், பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட மக்களிடையே மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் பரவவில்லை. குன்னூரில் மக்காரிசனும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் நடத்திய ஆய்வுகள் இதனை நிறுவின. தமிழ்ச் சமூகத்தில் பச்சரிசிக்கே மதிப்பு மிகுதி. படையலுக்கும் பொங்கலுக்கும் பச்சரிசி, கூலிக்காரன் கஞ்சிக்குப் புழுங்கலரிசி. அம்மதிப்பின்படி தாழ்ந்தது எதுவோ, அதுவே உயிரைக் காத்தது.

காக்கப்பட்டவர் நலமாக வாழ்ந்தனரா?

அப்படியானால், அன்றைய தோட்டத் தமிழர் நல்லுணவு உண்டு நலமாக வாழ்ந்தனர் என்று கொள்ளலாமா? இங்கேதான் நினைவு நம்மை ஏமாற்றுகிறது.

1909இல் கெமாஸ் முதல் ஜொகூர்பாரு வரை இரயில் பாதை முடிந்தபின், ஜொகூரின் காடுகள் விரைந்து பால்மரத் தோட்டங்களாயின. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் முதலிய இடங்களில் லயங்கள் எழுந்தன. அங்கே குடியேறியவரைப் பெரிபெரி பெரும்பாலும் தீண்டவில்லை என்பது உண்மை. மலேரியா விட்டுவைக்கவில்லை என்பதும் உண்மை. சீதபேதி விடவில்லை. வெறுங்காலோடு நடந்தவர் உடலில் கொக்கிப்புழு புகுந்து குருதியைக் குடித்தது. 1915ஆம் ஆண்டு முதல் ராக்பெல்லர் அறநிலையத்தின் ஆய்வுக் குழுவொன்று மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் இப்புழு நோயை ஆராய்ந்தது. கொக்கிப்புழுவும் மலேரியாவும் கூடித் தொழிலாளரைச் சோகையால் வாட்டிய நிலை அதனால் பதிவாயிற்று.

சோறும் மிளகாயும் கருவாடும் சிறிது பருப்பும் உண்ட குடும்பத்தில், புழுங்கலரிசி பி1 தந்தது. இரும்பையும் புரதத்தையும் போதிய அளவில் அது தர இயலாது. வெளிறிய தாய்மாரும் பிறந்த ஆண்டுக்குள் மறைந்த குழந்தைகளும் அக்காலத் தோட்ட வாழ்வின் பகுதி. தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டனாரைக் குடும்பம் நினைவில் வைத்திருக்கிறது; ஐந்து வயதுக்குள் இறந்த அவருடைய உடன்பிறந்தாரை நினைவில் வைப்பார் இலர். எஞ்சியவரைக் கொண்டு காலத்தை அளப்பது, தேர்வில் வென்றவரை மட்டும் எண்ணிப் பள்ளியின் தேர்ச்சியைக் கணக்கிடுவது போன்றது.

1942இல் ஜப்பானியர் வந்தனர். அரிசியின் பெரும்பகுதியைக் கடல் கடந்து பெற்றுவந்த மலாயாவில் இறக்குமதி சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கே பலருக்குச் சோறாயிற்று. கிழங்கு வயிற்றை நிரப்பும். புரதமும் தையமினும் அதில் மிகக் குறைவு. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலரா, மலேரியா, சீதபேதி ஆகியவற்றோடு பெரிபெரியும் அம்முகாம்களில் உயிர் குடித்தது. தமிழரைப் பெரிபெரி அண்டாது என்பது இனத்தின் இயல்பு அன்று, தட்டின் இயல்பே என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அக்கிழங்கு ஆலைப் பண்டமும் அன்று. மண்ணிலிருந்து நேரே பிடுங்கியது.

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

இனி, தானியமும் காயும் தம் இயல்பிலேயே சத்து குன்றிவிட்டன என்னும் கூற்றை நோக்குவோம். பழைய அட்டவணையையும் புதிய அட்டவணையையும் அருகருகே வைத்து இது பெரும்பாலும் நிறுவப்படுகிறது. இம்முறையில் ஓர் இடர் உண்டு. இந்திய உணவுச் சத்து அட்டவணையின் 1971ஆம் ஆண்டுப் பதிப்பில், 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் இரும்பு 3.1 மில்லிகிராம், 1989ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் 0.7. பதினெட்டு ஆண்டுகளில் அரிசி தன் இரும்பில் முக்காற் பங்குக்கு மேல் இழந்ததா? இல்லை. அளக்கும் முறை திருந்தியது. முன்னைய அளவு மிகையாக இருந்தது. மாறியது வயல் அன்று, ஆய்வுக்கூடம்.

அமெரிக்காவில் டேவிஸ் முதலானோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, 1950, 1999 ஆகிய ஆண்டுகளின் அரசு அட்டவணைகளைக் கொண்டு 43 காய்கனிகளை ஒப்பிட்டது. ஆராய்ந்த 13 சத்துகளில் புரதம், சுண்ணாம்பு, இரும்பு, வைட்டமின் சி உள்ளிட்ட ஆறு குறைந்திருந்தன. ஏனைய ஏழில் உறுதியான மாற்றம் இல்லை. 1950இல் அளந்த காய்கள் இன்று இல்லாமையால், அவற்றை மீண்டும் அளந்து பார்க்க இயலாது. எனவே, இம்முடிவை எடுத்தாள்வோர் எச்சரிக்கையோடு எடுத்தாள வேண்டும்.

மீண்டும் அளக்கத்தக்க சான்று இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் உண்டு. 1843 முதல் அங்கே ஒரே நிலத்தில் கோதுமை பயிரிட்டு, மணிகளையும் மண்ணையும் சேமித்து வைத்துள்ளனர். அவற்றை ஒரே முறையில் அளந்து 2008இல் வெளியிட்ட முடிவு இது: துத்தநாகம், இரும்பு, செம்பு, மக்னீசியம் ஆகியவை 1960களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ நிலையாக இருந்தன, குட்டைத் தாளும் மிகுவிளைச்சலும் கொண்ட புதிய வகைகள் வந்தபின் குறைந்தன. மண்ணிலோ அச்சத்துகள் குறையவில்லை. ஆதலின், 'உரம் மண்ணைக் கெடுத்தது; மண் சத்திழந்ததால் உணவும் சத்திழந்தது' என்று வழங்கும் விளக்கம் இங்கே பொருந்தவில்லை. மணி மிகுந்தது, மிகுந்த மாப்பொருளில் தாதுச் சத்துகள் பரந்து நீர்த்தன. குறைவு உண்மை; காரணம் வேறு. ஒரு பயிரில் கண்டதை எல்லாப் பயிர்க்கும் ஏற்றிக் கூறுவதும் முறையன்று.

பழமையென்று போற்றப்படுவது உண்மையிலேயே பழமைதானா என்றும் பார்க்கவேண்டும். 'ஊர் அரிசி' என்று ஜொகூர்த் தமிழர் விரும்பி வாங்கும் பொன்னியரிசி, மலாயாவில் தோன்றி 1965இல் வெளிவந்த மசூரி நெல்லின் வழிவந்தது. மசூரியோ, தைவான் நெல் ஒன்றையும் மலாயாவின் 'மாயாங் எபோஸ்' நெல்லையும் கலந்து ஆய்வாளர் உருவாக்கியது. இங்கிருந்து சென்று, அங்கே பெயர் பெற்று, மீண்டும் இங்கே வருவதை நாம் முன்னோர் அரிசி என்கிறோம்.

இன்றைய தட்டு

இவற்றால், இன்றைய உணவில் குறையே இல்லை என்று முடிவு கட்டலாகாது. குறை உண்டு, அதன் இருப்பிடம் வேறு.

இன்று ஜொகூர்த் தமிழரில் பலர் வெள்ளையரிசியே உண்கின்றனர். 1906இல் கோலாலம்பூரில் உயிர் பறித்த அதே வகையான அரிசி. ஆயினும், பெரிபெரி பரவவில்லை. பருப்பும் முட்டையும் இறைச்சியும் கடலையும் பாலும் உடன் இருப்பதால், அரிசியின் குறையைத் தட்டு நிறைவு செய்கிறது. ஓர் உணவின் குறை நோயாவதும் ஆகாமையும் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பக்கத்தில் சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்தால், வேறு நோய் வரும். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வளர்ந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர், 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். பருமனும் குன்றலும் ஒரே நாட்டில், சில வேளை ஒரே வீட்டில் உள்ளன. கீரை தன் இரும்பில் சிறு பங்கை இழந்ததால் இந்நிலை வந்ததன்று. கீரையே தட்டில் இல்லாமையாலும், இனிப்பு நீர் குவளையில் இருப்பதாலும் வந்தது.

இத்தகைய எச்சரிக்கையும் புதியதன்று. 1936இல் மலாயாவுக்கு வந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டச் செய்யும் விளம்பரத்தை 1939இல் சிங்கப்பூரில் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அவ்வுரைக்குப் 'பாலும் கொலையும்' என்று பெயர். அவர் புதுமையை வெறுத்தவர் அல்லர். ஒரு குறிப்பிட்ட பண்டம், ஒரு குறிப்பிட்ட வயதினருக்கு என்ன செய்கிறது என்று பார்த்துச் சொன்னவர். பிராடனும் பிளெட்சரும் செய்ததும் அதுவே.

'இக்கால உணவில் ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டால், செய்வதற்கு ஒன்றும் இல்லாமற் போகிறது. காலத்தைத் திருப்புவார் யார்? 'இக்குழந்தையின் காலைத் தட்டில் எது இல்லை?' என்று கேட்டால், செய்வதற்கு வேலை உண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் 10. இதனைப் பழம்பெருமையாகப் பேசாது, கூழாகவோ களியாகவோ அடையாகவோ தட்டில் வைத்தால் பயன் உண்டு. அவித்த பயறும், ஒரு முட்டையும், முருங்கைக் கீரையும் அவ்வாறே. அறிவியல் பாடத்தில் 'வைட்டமின் குறை நோய்கள்' என்று ஒரு வரியில் கடக்கும் பெரிபெரி, தமிழ் மாணவருக்குத் தம் கொள்ளுப்பாட்டனார் உண்ட சோற்றின் வரலாறு. அவ்வரலாற்றைச் சொல்லித்தந்தால், கேட்பதை அளந்து பார்த்து ஏற்கும் பழக்கமும் உடன் வரும்.